கோணி கட்டிய பூட்டு

திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் இருக்கும் ஒரு சிற்றூர் எங்களுடையது. நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த வருடம், நெடுநாளாக நடக்காமல் இருந்த ஊராட்சித் தேர்தல் வந்தது. வாக்குப்பதிவு அன்று நடந்தவை, வரிசையாக:

1. பள்ளிக்கூடச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏணியை அப்புறப்படுத்தச் சொன்னேன். ஏணி ஒரு வேட்பாளரின் சின்னம்.
2. ஏணியை எடுத்தார்கள்.
3. ஏணி வேட்பாளரின் கணவர் வெளியே வந்து, மதகில் தொங்கிய பூட்டைக் காட்டினார். பூட்டு சாவி எங்கள் வேட்பாளரின் சின்னம்.
4. பூட்டைக் கோணியால் மூடிக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்தார்கள்.
5. பூட்டைத் தொட முடியாததால் மதகைத் திறக்க முடியவில்லை.
6. தண்ணீர் வராததால் கீழத்தெருவார் வரிசையை விட்டு வெளியேறினார்கள்.
7. நான் ஆக்சா பிளேடு எடுத்து வர ஓடினேன்.

இவ்வளவுதான். இதை இப்படியே சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் ஊரில் அன்று வெகுநேரம் யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று புரிய, முதலில் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வலங்கைமானிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடைத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறாள். நான் அவள் வீட்டில் இருந்துதான் படித்தேன். ஊருக்கு இரண்டு தெரு. மேலத்தெருவில் நிலக்காரர்கள். கீழத்தெருவில் ஒரு காலத்தில் அந்த நிலங்களில் கூலிக்கு நின்றவர்கள். பிறகு குத்தகைக்கும், கொஞ்சம் சொந்தமாகவும் பயிர் வைக்க ஆரம்பித்தவர்கள். எங்களுக்கு நிலமே கிடையாது. அதனாலேயே இரண்டு தெருவும் எங்கள் மில்லுக்கு வரும். எந்தத் தெரு டப்பாவாக இருந்தாலும் வந்த வரிசைப்படிதான் அரைபடும். 'நம்ம வீட்டு டப்பாவைக் கொஞ்சம் முன்னால போடு' என்று யாராவது சொன்னால், "அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க" என்று டப்பாவை நகர்த்திக் கொடுத்துவிடுவாள்.

எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சட்டப்படி ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. நிற்பவர்கள் எல்லாருமே சுயேச்சைதான். ஆனால் யார் பின்னால் எந்தக் கொடி நிற்கிறது என்று ஊருக்குத் தெரியும். மேலத்தெருவில் ஒருவர் தன் மனைவியை நிறுத்தினார், சின்னம் ஏணி. கீழத்தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த ஒருவர் தன் மனைவியை நிறுத்தினார், சின்னம் கட்டில். அந்த இரண்டு அம்மாக்களும் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுக் கேட்டதெல்லாம் வீட்டுக்காரர்கள்தான். ஊரில் அவர்களை ஏணிக்காரர், கட்டில்காரர் என்றே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாவதாக மனுப் போட்டவள் சித்தி. அவள் பின்னால் எந்தக் கொடியும் இல்லை. அவளுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி.

அவளுடைய நோட்டீசில் ரோடு இல்லை, விளக்கு இல்லை, குடிதண்ணீர்க் குழாய் இல்லை. தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. வாக்காளர் பட்டியலை இரண்டு தெருவிலும் உரக்கப் படிக்க வேண்டும். ஓட்டுச் சிலிப்பை எந்த வேட்பாளரின் ஆளும் கொடுக்கக் கூடாது. வாக்குச்சாவடியைச் சுற்றியுள்ள நூறு மீட்டர் எல்லையைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போடாமல் டேப் வைத்து அளக்க வேண்டும். அந்த எல்லைக்குள் எந்தச் சின்னமும் தெரியக் கூடாது, யாருடையதாக இருந்தாலும்.

அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சேர்த்தது நான்.

மில்லுக்கு வந்த ஏணிக்காரர் நோட்டீசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஏந்தங்கச்சி, எல்லாரும் அதப் பண்றேன் இதப் பண்றேன்னு ஓட்டுக் கேக்குறாங்க. நீ என்னடான்னா தேர்தலை ஒழுங்கா நடத்துங்கன்னு கேக்குற. இதுக்கு நீ நிக்காமலே இருக்கலாமே?"

"நிக்காதவ சொன்னா யாருண்ணே கேக்குறா? வேட்பாளர்னாத்தான ஆபீசர் மனுவையே கையில வாங்குறாரு."

"சரி, ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சா அடுத்த தடவை இந்த நோட்டீசை எம்மூஞ்சிக்கு நேரா நீங்க நீட்டலாம்."

அவர் சிரித்துக்கொண்டே மாவு டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். சித்தி என்னிடம் சொன்னாள்: "முன்னெல்லாம் நம்ம வாய்க்காலுக்கு நீர்க்கட்டின்னு ஒருத்தரை வெப்பாங்க. மடையைத் தொறக்குறது, அடைக்குறது எல்லாம் அவருதான். அந்த வாய்க்கால்ல குழி நெலம்கூட இல்லாத ஆளாப் பாத்துத்தான் வெப்பாங்க. தண்ணிக்கு அவ்வளவு யோசிச்ச ஊரு, ஓட்டுக்கு யோசிக்கக் கூடாதா?"

நீர்க்கட்டி வழக்கம் எங்கள் ஊரில் நின்றுபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. கூலித் தகராறு, குத்தகைத் தகராறு என்று இரண்டு தெருவும் மோதிக்கொண்ட காலத்தில், ஒரு அறுவடையின்போது களத்து நெல்லை யார் தூக்குவது என்பதில் போலீஸ் வேன் வந்து நிற்கும்படி ஆனதாம். அதற்குப் பிறகு யார் மடை திறந்தாலும் மற்றவர் சந்தேகப்பட, ஊர்ப் பொதுவில் மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பூட்டு பொது. ஆனால் சாவி எங்காவது ஒரு வீட்டில்தானே இருக்க வேண்டும்? அது மேலத்தெருவில், ஏணிக்காரர் வீட்டு மாடத்தில் இருந்தது.

தண்ணீர் குறைவாக வரும் வருடங்களில் முறை வைப்பார்கள். இன்று இந்தத் தெருவுக்கு, நாளை அந்தத் தெருவுக்கு, பிறகு பக்கத்து ஊர்களுக்கு என்று மாறி மாறிப் போகும். முறை யாருடையதாக இருந்தாலும், விடிந்ததும் ஏணிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாவிக்கு நிற்க வேண்டும்.

நூறு மீட்டரை டேப் வைத்து அளக்கச் சொல்லிச் சித்தி ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாள் என்றால், மதகு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்தத் தேர்தல் வந்தாலும் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு மேலத்தெருவார் சிலிப் கொடுப்பார்கள். கீழத்தெருவார் அவர்களைத் தாண்டித்தான் சாவடிக்குப் போக வேண்டும். தண்ணீர்ச் சாவி வைத்திருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய் ஓட்டுப் போட வேண்டும்.

சித்தியின் மனுவை ஏற்று, வாக்குப்பதிவுக்கு முதல் நாள் அளக்க வந்தார்கள். என்னிடம் டேப் இருந்தது, அளக்கவும் தெரியும். ஊழியர்களோடு சேர்ந்து நானே அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வரைபடமும் போட்டுக் கொடுத்தேன். மதகு கோட்டுக்கு உள்ளே வந்தது. இனி அங்கே யாரும் உட்கார முடியாது. சித்திக்கு அன்றே ஜெயித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வாக்குச்சாவடியில் மூன்று ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்தோம். ஏணிக்காரர், கட்டில்காரர், சித்திக்காக நான். சாவடித் தலைமை அலுவலர் பட்டுக்கோட்டைப் பக்கத்து வாத்தியார். நல்ல மனிதர். தவறு வந்துவிடுமோ என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்ப்பவர். பெட்டியைத் திறந்து காலியாக இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் காட்டி, முத்திரை வைத்து, வாக்குப்பதிவை ஆரம்பித்தார். அப்போதுதான் ஜன்னல் வழியாக அந்த ஏணி என் கண்ணில் பட்டது.

"சார், அந்த ஏணியை எடுக்கச் சொல்லுங்க."

"அது தண்ணித் தொட்டி கழுவ வெச்சதும்மா."

"சின்னம் சார்."

ஏணிக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "எடுங்க சார், எடுங்க. புள்ள படிச்ச புள்ள. சட்டம்னா சட்டம்தான்." ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டுக் கொல்லையில் போட்டார்கள். அது கண்ணுக்கு மறைந்ததும் அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க. அங்க தொங்குது பாருங்க, அது என்னாது?"

மதகுச் சங்கிலியில் தேங்காய்மூடி அளவுக்கு ஒரு பூட்டு. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேராக.

வாத்தியார் என்னைப் பார்த்தார். 'யாருடையதாக இருந்தாலும்' என்று நோட்டீசில் அச்சடித்திருந்தோம். "மூடிடுங்க சார்" என்றேன். கோணிச்சாக்கு கொண்டுவந்து பூட்டையும் சங்கிலியையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார்கள். யாராவது அவிழ்த்துவிட்டால் என்ன செய்வது என்று வாத்தியாருக்குக் கவலை. முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, தன் முத்திரையையும் வைத்துவிட்டார். பள்ளிக்கூடக் கதவுகளின் பூட்டுகளைக்கூடக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அதன் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மேலத்தெருவார் முதலில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். கீழத்தெருப் பெண்கள் வரிசையில் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் ஒரே சலசலப்பு. ஒரு அம்மாள் கம்பி வழியாகக் கட்டில்காரரைக் கூப்பிட்டாள்.

"இந்தாப்பா, நீ பாட்டுக்கு இங்க நாக்காலியில ஒக்காந்திருக்க. தண்ணி வரலை."

அன்று கீழத்தெரு முறை. எனக்கு அது தெரியாது. சித்திக்கும் தோன்றவில்லை. விடியற்காலையில் சாவி கேட்டுப் போனவர்களிடம் ஏணிக்காரர், "பூத்துல போய் ஒக்காந்துட்டு நடுவுல வந்து தொறந்து விடுறேன், போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நட்ட பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. ஐப்பசி மழையையும் காணோம். வயல் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. பொழுது சாய்ந்தால் முறை பக்கத்து ஊருக்குப் போய்விடும். திரும்பி வருவதற்குள் நட்டதெல்லாம் காய்ந்துவிடும்.

வரிசை கலைந்தது. "தண்ணி வந்தாத்தான் ஓட்டு" என்று கீழத்தெருவார் எல்லாரும் மதகடிக்குப் போய் நின்றுவிட்டார்கள். ஓட்டுப் போட ஆளில்லாத அறையில் பெட்டிக்குக் காவலாக மற்ற அலுவலர்களையும் போலீஸ்காரரையும் விட்டுவிட்டு, நாங்களும் வாத்தியாரும் அங்கே போனோம்.

ஏணிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "நானாப்பா சீல் வெச்சேன்? இந்தப் பாப்பா அளந்துச்சு. அவங்க சித்தி மனு குடுத்தாங்க. ஆபீசர் கட்டுனாரு. இப்ப நான் கை வெச்சா என்னையல்ல புடிச்சு உள்ள போடுவாங்க?"

கட்டில்காரர் என் பக்கம் திரும்பினார். "நூறு மீட்டர் அளந்தியே தங்கச்சி, உள்ள என்னென்ன வருதுன்னு பாக்க மாட்டியா?"

பார்த்தேன். வரைபடத்தில் எழுதியும் இருந்தேன். 'மதகு' என்று எழுதியிருந்தேன். அதில் தொங்குகிற பூட்டு என் பென்சிலுக்குத் தெரியவில்லை.

அதற்குள் சித்தி வந்துவிட்டாள். அவளைக் கீழத்தெருப் பெண்கள் வழியெல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மதகடியிலும் ஒருத்தி விடவில்லை. "ஒஞ்சின்னத்தை எங்க வயித்துலயே பூட்டிட்டியே, மில்லுக்காரம்மா!"

சித்தி நேரே வாத்தியாரிடம் போனாள். "சார், முடிச்சை அவுத்துடுங்க."

"எப்படிம்மா அவுக்கறது? எல்லைக்குள்ள சின்னத்தை நானே காட்டின மாதிரி ஆயிடும். அஞ்சு மணிக்கு ஓட்டுப்பதிவு முடியட்டும், நானே வந்து அவுத்து விடறேன்."

"அதுக்கப்புறம் தண்ணி அடுத்த ஊருக்குப் போயிடும் சார்."

"அதென்னம்மா, தண்ணிக்கு டைம்டேபிளா?" அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். "எங்க பக்கம் தென்னந்தோப்பு. வேணுங்கறப்ப மோட்டாரைப் போட்டுக்குவோம். இந்த முறை கிறையெல்லாம் எனக்குத் தெரியாதே."

மேலதிகாரியைக் கேட்கலாம் என்றால் அவர் ஜீப்பில் வேறு ஊருக்குப் போயிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தி கொஞ்ச நேரம் அந்தக் கோணி மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட சட்டம். அவள் கேட்டபடியே நடந்தது. அதனாலேயே ஒரு தெருவின் பயிர் போகப்போகிறது. இனிமேல் யாராவது ஒழுங்கான தேர்தல் என்று பேசினால், 'அன்னிக்கு ஒழுங்கு பண்ணித்தானே பயிரைக் காய வெச்சீங்க' என்பார்கள். தோற்பதைவிட அது மோசம்.

"சார், எல்லைக்குள்ள எது தெரியக் கூடாது?" என்று கேட்டாள்.

"சின்னம்."

"பூட்டே இல்லேன்னா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏணிக்காரர் முந்திக்கொண்டார். "சாவி தர மாட்டேன். சாவியும் சின்னம்தான். அதை வீட்டுலேருந்து எடுத்துக்கிட்டு இத்தனை பேருக்கு நடுவுல நான் நடந்து வந்தா, ஒனக்கு நானே ஓட்டுக் கேட்ட மாதிரி ஆயிடும்."

"சாவி வேணாம்ணே. மில்லுல ஆக்சா பிளேடு இருக்கு."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "அறுத்துட்டா? பூட்டு இல்லாத மதகு எத்தனை நாளைக்கு நிக்கும்? அடுத்து எங்க தெரு முறை வர்றப்ப இவனுங்க ராத்திரியோட ராத்திரியா வந்து மதகைத் தூக்கிடுவானுங்க."

"யாரு தூக்குனா?" கட்டில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "போன வருசம் எங்க முறையில பாதித் தண்ணி எங்க போச்சுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுடா பாப்பம்!"

"ஐயா, ஐயா," வாத்தியார் நடுவில் வந்து நின்றார். "நூறு மீட்டருக்குள்ள சண்டை போடாதீங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

கட்டில்காரர் பள்ளிக்கூடத்தைக் கையால் காட்டிக் கத்தினார்: "உள்ள அந்தப் பொட்டி முன்னாடி மூணு பேரு எதுக்கு ஒக்காந்திருக்கோம்? ஒருத்தரை ஒருத்தர் நம்பாமத்தான? நம்பிக்கை இல்லேன்னா இங்கயும் அதே மாதிரி ஆளைப் போடு. ஒங்க ஆளு ஒருத்தன், எங்க ஆளு ஒருத்தன். மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்!"

அவர் அதை யோசனையாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டத்தான் சொன்னார். சித்தி சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி சொன்னதை எழுதுடி."

வரைபடத்தின் பின்பக்கம்தான் கையில் இருந்தது. அதில் எழுதினேன். மதகுக்குப் பூட்டு இல்லை. முறை நாட்களில் தெருவுக்கு ஒருவர் மதகடியில் இருக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் மதகின் ஷட்டரைத் தொடக் கூடாது. எழுதியதை உரக்கப் படித்தேன். ஏணிக்காரர் தன் தெரு ஆட்களைப் பார்த்தார். அவர்களில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஒருவரும் அவருக்காக வாயைத் திறக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"எங்க ஆளுதான் மொதல்ல ஒக்காருவான்" என்றார் கடைசியில்.

"ஒக்காரட்டுமே" என்றார் கட்டில்காரர். "கட்டில் வேணா போட்டுத் தரேன்."

வாத்தியார் பதறிப்போனார். "கட்டில் கூடாது! அதுவும் சின்னம்!"

மில்லுக்கு ஓடிப் போய் பிளேடை எடுத்து வந்தேன். வாத்தியாருக்கு இன்னும் ஒரு நிபந்தனை இருந்தது: கோணியை அவிழ்க்கக் கூடாது, அறுப்பதாக இருந்தால் உள்ளேயே அறுக்க வேண்டும். அரக்கு முடிச்சு உடையாமல் அவரே பிடித்துக்கொண்டார். நான் கோணியின் அடிப்பக்கமாகக் கையை விட்டு, பூட்டின் வளையத்தை விரலால் தேடிப் பிடித்து அறுக்க ஆரம்பித்தேன். பூட்டு ஆடியது, பிளேடு வழுக்கியது, ஒரு பிளேடு ஒடிந்தே போயிற்று. இரண்டாவது பிளேடை மாட்டியபோது யாரோ பக்கத்தில் வந்து சங்கிலியைக் கோணியோடு சேர்த்து இழுத்துப் பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ஏணிக்காரர்.

"இழுத்துப் புடிக்கலேன்னா இதுவும் ஒடியும்" என்றார், என்னைப் பார்க்காமல். "நல்ல பூட்டு அது. நாந்தான் பாத்து வாங்கிப் போட்டேன்."

வளையம் விட்டுக்கொடுத்த சத்தம் கேட்டதும் கூட்டத்தில் ஒரு குரல்: "மில்லுக்காரம்மா சின்னத்தை அவங்க வீட்டுப் பொண்ணே அறுத்துடுச்சுடோய்!"

அன்று முதல் முறையாக எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும்தான்.

சங்கிலியை உருவிவிட்டு, கோணியோடு பூட்டை எடுத்துப் போய் வாத்தியார் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஷட்டரைத் திருகித் தூக்கினார்கள். முதலில் சருகும் நுரையுமாக வந்தது; பிறகு கலங்கலாகத் தண்ணீர் வந்தது. கீழத்தெருப் பெண்கள் உடனே வரிசைக்குத் திரும்பவில்லை. வாய்க்கால் கரையோடு தண்ணீரின் கூடவே நடந்து போய், வயலுக்குள் பாய்வதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். வந்து ஓட்டுப் போட்டார்கள். ஏணிக்காரரின் ஆளும் கட்டில்காரரின் ஆளும் மதகுக் கட்டையில் ஆளுக்கொரு ஓரமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் ஓட்டு எண்ணினார்கள். ஏணி கொஞ்சம் ஓட்டில் ஜெயித்தது. கட்டில் இரண்டாவது. சித்தி மூன்றாவது, மற்ற இருவருக்கும் பக்கத்தில்கூட இல்லை. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து மில்லுக்குள் நுழைந்தேன். சித்தி அரைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"எண்ணும்போது மூணு பேரும் பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னோம் சித்தி."

"எல்லாத்தையும் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க."

"அப்ப சரி" என்று அடுத்த டப்பாவை எடுத்துக் கொட்டினாள். யார் ஜெயித்தார்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

மேலத்தெருவார் அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அடுத்த முறையில் புரிந்தது. தலைவரின் கணவராகிவிட்ட ஏணிக்காரர், புதிதாக ஒரு பூட்டை வாங்கிக்கொண்டு மதகடிக்கு வந்தார். தடுத்தது கீழத்தெரு இல்லை. அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த அவருடைய தெருக்காரரேதான். "பூட்டுப் போட்டா சாவி ஒங்க வீட்டுலல்ல இருக்கும் மாமா? எங்க முறைக்கும் நாங்க ஒங்க வாசல்லதான வந்து நிக்கணும்? இப்ப யாரு எப்பத் தூக்குறான்னு எங்கண்ணுக்கே தெரியுது. இப்படியே இருக்கட்டும்." சாவிக்காகக் காத்து நின்றவர்கள் இரண்டு தெருவிலும் இருந்திருக்கிறார்கள். ஒரு தெருவில் அதை வெளியே சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் புதுப் பூட்டு இப்போது ஏணிக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தொங்குகிறது.

இரண்டு தெருவும் ஒன்றாகிவிட்டது என்று நான் எழுதினால் ஊரில் என்னை அடிக்க வருவார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. குத்தகை வழக்குகள் அப்படியேதான் நடக்கின்றன. கல்யாணத்துக்கு ஒரு தெரு மற்றத் தெருவைக் கூப்பிடுவதும் இல்லை.

சித்தி அடுத்த தேர்தலிலும் அதே நோட்டீசோடு நின்றாள். இந்தத் தடவை கிடைத்த சின்னம் சீப்பு. "நூறு மீட்டருக்குள்ள தலை சீவிக்கிட்டு வரலாமா, கூடாதா?" என்று ஊரே அவளைக் கேலி செய்தது. மறுபடியும் தோற்றாள். ஆனால் யாரும் மனுக் கொடுக்காமலே டேப் வைத்து அளந்தார்கள். சிலிப் கொடுக்கக் கட்சிக்காரர்கள் யாரும் கோட்டுக்குள் வரவில்லை.

நான் இப்போது தஞ்சாவூரில் ஒரு நிறுவனத்தில் வாய்க்கால், மதகு வரைபடங்கள் போடுகிற வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு மதகுப் படத்திலும் பூட்டு மாட்டுவதற்கு ஒரு வளையம் வரைய வேண்டும். அதை வரையும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோணிக்குள் கைவிட்டுத் தேடியது நினைவுக்கு வருகிறது. நியாயமாக நடக்க வேண்டுமென்றால் நல்ல பூட்டாகப் போட வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாவி யாரிடம் என்ற கேள்வியைப் பூட்டு ஒருநாளும் தீர்ப்பதில்லை என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அந்த ஒரு நாள்தான்.

இன்றைய நிலை இது: எங்கள் ஊர் மதகில் பூட்டு மாட்டும் வளையம் காலியாக இருக்கிறது. முறை நாட்களில் தெருவுக்கு ஒருவர் வந்து அங்கே உட்காருகிறார்கள். ஒருவரை ஒருவர் இன்னமும் நம்புவதில்லை. தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் போகிறது.